நான்காம் எண் இல்லாத இசைத்தாள்

ஆண்டிதழுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் அக்கா என்று கழகத்துத் தம்பி ஒருவர் கேட்டபோது, விடுதி வாழ்க்கையைப் பற்றியோ கலைவிழா ஒத்திகைகளைப் பற்றியோ நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அவற்றை என்னைவிடச் சுவையாக எழுதக்கூடியவர்கள் நம் முன்னாள் மாணவர்களில் பலர் இருக்கிறார்கள். நான் எழுத நினைத்தது 32 பார் மட்டுமே கொண்ட ஒரு சிறிய பியானோ இசையைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அதன் சுரங்களுக்கு மேலும் கீழும் எறும்பு போல ஊரும் எண்களைப் பற்றி.

பியானோ கற்காதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். மேற்கத்திய இசைத்தாளில் சுரங்கள் ஐந்து கோடுகளின்மீது அமர்ந்திருக்கும். எந்தச் சுரத்தை எந்த விரலால் அழுத்துவது என்பதைக் காட்ட 1 முதல் 5 வரை எண் போடுவார்கள். இரண்டு கைகளுக்கும் கட்டை விரல் 1, ஆள்காட்டி விரல் 2, நடுவிரல் 3, மோதிர விரல் 4, சுண்டு விரல் 5. பழைய இசையில் இந்த எண்களைப் பெரும்பாலும் இசையை எழுதியவர் போட்டிருக்க மாட்டார். பிற்காலத்தில் நூலைப் பதிப்பித்தவர் போட்டிருப்பார். ஆனால் அச்சில் வந்துவிட்ட பிறகு பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுதான். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த மிஸ், புக்கிட் மெர்தாஜாமில் தம் வீட்டு முன்னறையில் சனிக்கிழமை தோறும் வகுப்பு நடத்தினார். 4 என்று இருக்கும் இடத்தில் நான் நடுவிரலை வைத்தால் பென்சிலால் மணிக்கட்டில் ஒரு தட்டு விழும். வலிக்காது, ஆனால் மறக்காது.

எங்கள் வீட்டுக்குப் பியானோ வந்த கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். அம்மா பிறையில் ஒரு தொழிற்சாலையில், உலோகத் தகட்டை அச்சு வைத்து வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தார். 1996இல் ஓர் இரவு ஷிப்டில் அவருடைய வலக்கை மோதிர விரலின் மேல் இரண்டு கணுக்கள் போயின. எனக்கு அப்போது 9 வயது. மருத்துவமனையில் அம்மாவின் கை ஒரு வெள்ளைத் தலையணை போல் கட்டப்பட்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. சில மாதங்கள் கழித்து சொக்சோவிலிருந்து ஒரு தொகை வந்தது. அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு பழைய லாரி எடுக்க அந்தப் பணம் உதவும் என்று உறவினர் எல்லாரும் சொன்னார்கள். அம்மா யாரிடமும் கேட்காமல் பட்டர்வொர்த்துக்குப் போய், ஒரு ஜப்பானியப் பழைய பியானோவை வாங்கி வந்தார். நான்கு பேர் அதைத் தூக்கி வந்து வரவேற்பறையில் வைத்தார்கள். அன்று மாலை வந்திருந்த சின்னப் பாட்டி சமையலறையில் யாரிடமோ, "விரல வித்துப் பியானோ வாங்கியிருக்கா" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அதன் பிறகு அந்தப் பியானோவை நான் சாதாரணமாகத் தொட்டதே இல்லை. தப்பாக வாசித்தால் அம்மாவின் விரலை மிதித்தது போலிருக்கும். சரியாக வாசித்தாலும் கடன் தீர்ந்ததாகத் தோன்றாது. 2003இல் ஐந்தாம் கிரேடு தேர்வு முடிந்ததும், எஸ்.பி.எம். வருகிறது என்று சொல்லி நிறுத்திவிட்டேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பியானோவின் மூடியின்மேல் ஒரு பூவேலைத் துணி வந்தது. துணியின்மேல் குடும்பப் படங்கள் வந்தன. 2010இல் என் பட்டமளிப்பு விழாப் படமும் அங்கேயே ஏறி அமர்ந்தது.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கோலாலம்பூரில் தனியாக அடைந்து கிடக்க மனமில்லாமல், முந்தின நாளே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. இரண்டாவது வாரம் என்று நினைக்கிறேன், ஒரு நாள் மாலை படங்களையெல்லாம் எடுத்துத் தரையில் அடுக்கிவிட்டு, துணியை உதறி மடித்தார்.

"பாப்பா, இத எனக்குச் சொல்லிக் குடுக்க முடியுமா?"

நான் சிரித்தேன். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்துத்தான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"நீ சின்னப் பிள்ளையா இருக்கறப்ப ஒண்ணு வாசிப்பியே, டான்ஸ் ஆடற மாதிரி. அது."

அவர் சொன்னது ஜி மேஜர் மினுவெட். உலகில் பியானோ கற்கும் பிள்ளைகளில் பாதிப் பேராவது அதைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். பாக் தம் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725இல் தொடங்கிய குறிப்பேட்டில் இருப்பதால், அதை பாக் எழுதியதாகவே நெடுங்காலம் அச்சிட்டு வந்தார்கள். உண்மையில் எழுதியவர் கிறிஸ்தியான் பெட்சோல்ட் என்பவர். என் பழைய நூலில் பாக் என்றுதான் இருக்கிறது.

இரண்டு வாரத்தில் அம்மா கட்டைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டார். இடக்கையில் குறை இல்லை. வலக்கையில் முதல் பாரிலேயே நின்றுபோனோம். அந்தப் பாரில், டி என்ற சுரத்தைச் சுண்டு விரலால் அழுத்திவிட்டுக் கீழே ஜிக்கு இறங்கி, அங்கிருந்து ஏ, பி, சி என்று படியேறி, அடுத்த பாரின் தொடக்கத்தில் மறுபடி டிக்கு வர வேண்டும். அச்சில் போட்டிருக்கும் எண்கள் 5, பிறகு 1, 2, 3, 4, மீண்டும் 5. ஐந்து விரலுக்கு ஐந்து கட்டை. குழந்தைகளுக்கு இதைவிட எளிதாக ஓர் இசை தொடங்க முடியாது.

அம்மா 1, 2, 3 என்று ஏறினார். 4 வந்தது. மோதிர விரலின் அடிக்கணு மட்டும் கீழே தணிந்தது. சி கட்டை அசையவில்லை. அம்மா மறுபடி ஏறினார். மறுபடியும் அதே இடம். அவர் தாளில் இருந்த 4ஐத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கையைப் பார்க்கவில்லை. 24 ஆண்டுகளாக அந்தக் கையோடு சோறு பிசைந்து, துணி துவைத்து, ஓவர்டைம் செய்த மனுஷி, ஒரு தாளில் எண் போட்டிருக்கிறதே என்று இல்லாத விரலைத் தேடிக்கொண்டிருந்தார்.

அச்சிட்ட எண்களை வெள்ளை மை பூசி அழித்துப் பார்த்தேன். கோடுகளும் சேர்ந்து அழிந்தன. தாள் சொறி பிடித்தது போல் ஆனது. அப்போதுதான் லிலிபாண்ட் நினைவுக்கு வந்தது. தமிழில் அல்லிக்குளம். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அதைத் திறந்தால் குளமும் இல்லை, பூவும் இல்லை, வெறும் எழுத்துகள்தாம். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்-வென் நீன்ஹாய்ஸ், யான் நியூவன்ஹாய்சன் என்ற இரண்டு இசைக்காரர்கள் 1996இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. அக்காலத்தில் உலோகத் தகட்டில் கையால் செதுக்கி அச்சிட்ட இசைத்தாள்களின் அழகு கணினியில் வர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. சுரங்களைச் சுட்டியால் இழுத்து வைக்கிற வேலையெல்லாம் கிடையாது. எது என்ன சுரம், எத்தனை நேரம், எந்த விரல் என்பதை எழுத்தால் தட்டச்சு செய்துவிட்டு இயக்கினால், அது படித்துப் பார்த்து இசைத்தாளாக வரைந்து தரும். இறுதியாண்டு ஆய்வேட்டை லாடெக்கில் எழுதி அழுதவர்களுக்கு இந்த வழி பழக்கமானதுதான். நானும் அழுதவள்.

முறை எளிது. டி என்ற எழுத்து. அது முழுச் சுரத்தில் நாலில் ஒரு பங்கு நேரம் ஒலிப்பதால் பக்கத்தில் 4. பிறகு ஒரு சிறு கோடு. கோட்டுக்குப் பிறகு விரல் எண் 5. அவ்வளவுதான். சிறு கோட்டுக்குப் பதில் மேல்நோக்கிய கூர்க்குறியைப் போட்டால் எண் சுரத்துக்கு மேலே நிற்கும். அடிக்கோட்டைப் போட்டால் கீழே போகும். இரண்டு மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில், கோண அடைப்புக்குள்ளேயே ஒவ்வொரு சுரத்தின் பக்கத்திலும் அதனதன் எண்ணைப் போட வேண்டும். அப்போதுதான் எந்த எண் எந்தச் சுரத்துக்கு உரியது என்று மென்பொருளுக்குத் தெரியும்.

ஆனால் அந்தச் சிறு கோட்டை மறந்தீர்களோ, தொலைந்தீர்கள். முதல் இரவு நான் பாதி இடங்களில் மறந்துவிட்டேன். கோடு இல்லாத எண்ணை மென்பொருள் விரலாக எடுத்துக்கொள்ளாது, நேரமாக எடுத்துக்கொள்ளும். கட்டை விரல் என்று நினைத்து நான் போட்ட 1 முழுச் சுரமாக நீண்டது. ஆள்காட்டி விரல் அரைச் சுரமானது. 3க்கும் 5க்கும் அப்படி ஒரு நேர அளவே கிடையாது என்று பிழை காட்டியது. மூன்றே எண்ணிக்கையில் முடிய வேண்டிய பார் ஊர்வலம் போல் நீண்டுகொண்டே போயிற்று. இன்னொரு பிழையும் எல்லாப் புதியவர்களும் செய்வது. ஜி மேஜர் என்று தொடக்கத்தில் அறிவித்துவிட்டால் எஃப் சுரங்களெல்லாம் தாமாகவே ஷார்ப் ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆகாது. ஒவ்வொரு முறையும் எஃப்-ஐ-எஸ், ஃபிஸ், என்று டச்சுப் பெயரால்தான் எழுத வேண்டும். அல்லிக்குளத்தில் நாம் எழுதியதுதான் இருக்கும். நாம் மனத்தில் நினைத்தது இருக்காது.

இரவு இரண்டு மணிக்கு என் முதல் பதிப்பு முடிந்தது. அம்மாவின் கண்ணுக்காகக் கோடுகளைப் பெரிதாக்கினேன், எண்களையும் பெரிதாக்கினேன். வலக்கையில் ஒரு 4 கூட இல்லை. முதல் பாரின் ஏற்றத்துக்கு 1, 2, 1, 2 என்று போட்டு, அடுத்த பாரின் டிக்கு 3 போட்டிருந்தேன். அதாவது இரண்டு கட்டை ஏறியதும் கட்டை விரலை உள்ளே நுழைத்து, மறுபடி தொடங்குவது. ஸ்கேல் வாசிக்கிறவர்களுக்குப் பழக்கமான வித்தை. மிகுந்த பெருமையோடு காலைப் பசியாறலின்போது தாளை நீட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லாருக்கு. பெருசா இருக்கு" என்றார்.

அதன் பிறகு ஒரு வாரம் எனக்கு அலுவலக வேலை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கணினியில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பேன். வெளியே மினுவெட்டின் முதல் இரண்டு பார் ஓடிக்கொண்டிருக்கும். (என் மேலாளர் ஒருமுறை, உங்கள் வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.) முதல் மூன்று நாள், டிக்கு ஏறிய பிறகு ஒரு தடுக்கல் கேட்கும். ஏனென்று எனக்குத் தெரியும். நடுவிரலால் டியைப் பிடித்துக்கொண்டு கட்டை விரலை ஜிக்கு நீட்டுவது சின்னக் கைக்குக் கொஞ்சம் தூரம். பழகினால் சரியாகும் என்று நினைத்தேன். நான்காம் நாள் தடுக்கல் நின்றுவிட்டது. பழகிவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை வெளியே வந்து பார்த்தால், என் எண்களின்மேல் எல்லாம் பேனாக் கோடு. நீல மையில், பால் கணக்கு எழுதுகிற கையெழுத்தில், வேறு எண்கள். முதல் பாரின் ஏற்றத்துக்கு 2, 1, 2, 3. அடுத்த டிக்கு 5.

எனக்குச் சுருக்கென்றது. இரவு இரண்டு மணி வரை விழித்தவள் நான்.

"என்னாம்மா இது? ஜியில போயி ரெண்டாவது விரல யாராச்சும் வைப்பாங்களா? ரெண்டாவது கட்டையிலேயே பெருவிரல உள்ள விடறதா? இப்படியெல்லாம் வாசிக்கக் கூடாதும்மா."

அம்மா பதில் சொல்லாமல் அந்தப் பழைய நூலை எடுத்து ஏழாவது பாரைக் காட்டினார். அங்கே எஃப் ஷார்ப்பில் தொடங்கி ஜி, ஏ, பி என்று ஏறும் இடத்தில், பதிப்பாசிரியர் போட்டிருந்த எண்கள் 2, 1, 2, 3.

"இங்க அவரே போட்டிருக்காரே. இங்க சரின்னா அங்க ஏன் தப்பு?"

"அது கறுப்புக் கட்டைம்மா. கறுப்புக் கட்டையில பெருவிரல வைக்கக் கூடாதுன்னு அப்படிப் போட்டிருக்காங்க."

"சரி. அங்க கறுப்புக் கட்டைக்காக. இங்க என் விரலுக்காக."

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நான் ஐந்து கிரேடு படித்தவள், எனக்குத் தெரியாதா என்று எதையோ சொன்னேன். அம்மா பியானோவின் மூடியை மெதுவாகச் சாத்தினார்.

"விரலு போன பெறவு என்னை மெஷின்லேர்ந்து எடுத்துப் பேக்கிங்ல போட்டாங்க. பொட்டி மடக்கி டேப் ஒட்டணும், ஒரு ஷிப்டுக்கு இத்தனைன்னு கணக்கு. மொத மாசம் பாதிகூட முடியல. அஞ்சு விரலு வேலைய நாலு விரலுக்கு எப்படிப் பிரிச்சுக் குடுக்கறதுன்னு நானாத்தான் பழகினேன். அப்ப யாரும் எனக்கு நம்பர் போட்டுக் குடுக்கல, பாப்பா."

விபத்தைப் பற்றி அம்மா என்னிடம் பேசிய முதல் முறை அது. 24 ஆண்டுகளில் நானும் கேட்டதில்லை. அந்தக் கையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது எனக்காகக் கொடுக்கப்பட்ட விலை என்பதுதான். அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

அன்றிரவு அம்மா படுத்த பிறகு, என் வலக்கை மோதிர விரலை மடக்கி, உள்ளங்கையோடு சேர்த்து ரப்பர் வளையம் போட்டுக்கொண்டு பியானோவின் முன் உட்கார்ந்தேன். சத்தம் வராமல் இடப்பக்க மிதியை அழுத்திக்கொண்டு இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்த்தேன். என் எண்கள் காகிதத்தில் சரி. கையில் தடுக்கின. அம்மாவின் எண்களில் சி நடுவிரலுக்கு வருகிறது, டி சுண்டு விரலுக்கு வருகிறது, கட்டை விரல் ஏயில் இருந்து பக்கத்துக் கட்டைக்கு நகர்ந்தால் ஜி. தாவ வேண்டியதே இல்லை. மூன்றாவது பாரில் சியிலிருந்து மேல் ஜி வரை ஏறும் இடத்துக்கும் அதே 2, 1, 2, 3, 5 அப்படியே பொருந்தியது. ஐந்தாவது, ஆறாவது பார்களில் அச்சு நூல் 4ஐ நம்பியே இறங்குகிறது. அம்மா இரண்டுக்கும் 3, 5, 3, 2, 1 என்று ஒரே எண்களைப் போட்டு, கையை மட்டும் ஒரு கட்டை கீழே நகர்த்தியிருந்தார். ஒரு ஷிப்டுக்கு இத்தனை என்று கணக்குக் கொடுத்தவருடைய கை. வீண் அசைவு ஒன்றுகூட இல்லை.

தூக்கம் வராமல், விரல் எண்களின் கதையைத் தேடிப் படித்தேன். 1720இல் பாக் தம் ஒன்பது வயது மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடமனுக்காக ஒரு பயிற்சிக் குறிப்பேடு தொடங்கினார். அதில் அப்ளிகாசியோ என்ற சிறு துண்டுக்கு அவரே விரல் எண் போட்டிருக்கிறார். வலக்கை 3, 4, 3, 4 என்று ஏறுகிறது! நடுவிரல் மோதிர விரலைத் தாண்டிக் குதிக்க வேண்டும். எங்கள் மிஸ் பார்த்திருந்தால் பாக்கின் மணிக்கட்டிலும் ஒரு தட்டு விழுந்திருக்கும். கட்டை விரலை உள்ளே நுழைத்து ஏறுவதை முறையாக விளக்கி எழுதியவர்களில் முக்கியமானவர் அவருடைய இன்னொரு மகன் கார்ல் பிலிப் இமானுவேல்; 1753இல் வந்த அவர் நூலில் விரல்களுக்கென்றே ஒரு பெரிய பகுதி உண்டு. 1915இல் பிரெஞ்சுக்காரர் டெபுசி பன்னிரண்டு பயிற்சி இசைகளை எழுதியபோது விரல் எண்ணே போடவில்லை. கைகள் வேறு வேறு, அவரவர் விரலை அவரவர் தேடிக்கொள்ள வேண்டும் என்று முன்னுரையில் காரணமும் எழுதினார். மிக எளிய செய்திகள்தாம். எட்டு ஆண்டு பியானோ படித்த எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, நானும் தேடவில்லை.

மறுநாள் இதையெல்லாம் அம்மாவிடம் ஆர்வமாக விவரித்தேன். "செத்துப் போனவங்க எப்படி வாசிச்சா நமக்கென்ன, சாப்பிட வா" என்று சொல்லிவிட்டார்.

சாப்பிட்ட பிறகு கணினியைத் திறந்தேன். என் எண்கள் இருந்த வரிகளை அழிக்கவில்லை. வரியின் தொடக்கத்தில் ஒரு விழுக்காட்டுக் குறி போட்டால் மென்பொருள் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போகும், அப்படியே விட்டுவைத்தேன். அவற்றின் கீழே அம்மாவின் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தேன். முதல் பகுதியின் 16 பார் முடிந்தது. இரண்டாம் பகுதிக்கு நான் ஏற்கெனவே போட்டிருந்த எண்களை என்ன செய்வது? விரல் எண்களை அச்சில் விட்டுவிடு என்று சொல்ல அல்லிக்குளத்தில் ஒரே ஒரு கட்டளை உண்டு. அதை வலக்கைப் பகுதியில் மட்டும் போட்டு, இரண்டாம் பகுதியை எண்ணே இல்லாமல் அச்சிட்டு, மேலே ஒரு பென்சிலையும் வைத்துக் கொடுத்தேன்.

அம்மா வெற்றுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்பரு எங்க?"

"நீங்க போடுங்க. நான் அடிச்சுத் தரேன்."

அன்று முதல் எங்கள் வேலை முறை இதுதான். அம்மா இரண்டு பார் எடுத்துக்கொள்வார். வாசிப்பார், நிறுத்துவார், கையைக் கட்டைகளின்மேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். மாவு பதம் பார்ப்பவர் போல் இருக்கும் முகம். பிறகு பென்சிலால் எழுதுவார். நான் ஒரு விதி மட்டும் வைத்திருந்தேன்: மூன்று நாள் மாறாமல் இருந்தால்தான் கணினியில் ஏற்றுவேன். பல இடங்களில் மூன்றாவது நாள் அவரே மாற்றினார். சில இடங்களில் நான் சொன்னதை ஏற்றுக்கொண்டார். சி மேஜர் ஸ்கேலுக்கு 1, 2, 3, பிறகு 1, 2, பிறகு 1, 2, 3 என்ற என் எண்கள் அவருக்குப் பிடித்துப்போயின. அதில் எனக்கு இன்னமும் பெருமைதான். ஒரு நாள் என் பட்டமளிப்புப் படத்தைத் தேடினேன். அது தரையிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கம் போயிருந்தது. பியானோவின் மேல் அது மீண்டும் ஏறவே இல்லை.

32 பார்களும் முடிய ஆகஸ்டு ஆகிவிட்டது. தலைப்புப் பகுதியில் இசையமைப்பாளர் இடத்தில் பெட்சோல்ட் என்று போட்டேன். விரல் எண்கள் என்று எழுதி அம்மாவின் பெயரைப் போட்டேன், தமிழில். ஒருங்குறி எழுத்துருவைக் குறிப்பிட்டால் லிலிபாண்டில் தமிழும் ஒழுங்காக வருகிறது; கொம்பு, கால், புள்ளி எதுவும் இடம் மாறுவதில்லை. நம் கழகத்து ஆண்டிதழைத் தட்டச்சு செய்து எழுத்துரு மாறிக் கண்ணீர் விட்ட தலைமுறையைச் சேர்ந்தவள் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அம்மா தம் பெயரைப் பார்த்துவிட்டு, "என்னா, கரண்டு பில்லு மாதிரி பேரு போட்டிருக்க" என்றார். ஆனால் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டது அவர்தான்.

இப்போது நான் மறுபடியும் கோலாலம்பூரில் இருக்கிறேன். மாதம் இருமுறை வீட்டுக்குப் போகிறேன். மினுவெட் முடிந்து வேறு நான்கு இசைகள் முடிந்துவிட்டன. சென்ற ஆண்டு அம்மா ஒரு புதிய கோரிக்கை வைத்தார். 1961இல் வந்த பாசமலர் படத்தில், விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் வரும் தாலாட்டுப் பாடல் வேண்டுமாம். என்னை அந்தப் பாட்டைப் பாடித்தான் தூங்க வைத்தாராம். அதற்கு என்னிடம் அச்சு நூல் ஏது? காதால் கேட்டுக் கேட்டு நானே சுரங்களை எழுத வேண்டியிருந்தது. சுசீலா அம்மாள் இரண்டு கட்டைகளுக்கு நடுவே வழுக்கிச் செல்லும் இடங்களைப் பியானோவில் பிடிக்கவே முடியாது. ஒரு சிறு அலங்காரச் சுரத்தைப் போட்டுச் சமாளித்திருக்கிறேன்; சமாளிப்புதான் அது, வேறொன்றுமில்லை. அந்தக் கோப்பில் விழுக்காட்டுக் குறி போட்டு ஒதுக்கிய வரிகள் இல்லை. எனக்கு முன்னால் யாரும் எண் போடவில்லை, நானும் போடவில்லை. சுரங்களை மட்டும் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் போனபோது பார்த்தேன். ஐந்து வரிகள் பென்சிலால் நிறைந்துவிட்டன. ஆறாவது வரியில், பாட்டு மேலே ஏறித் திரும்பும் இடத்தில், நான்கு சுரங்களுக்கு எண் இல்லை. பலமுறை அழித்த தடம் மட்டும் இருந்தது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வாய் வரை வந்துவிட்டது.

"இங்க என்னாம்மா போடறது?" என்று மட்டும் கேட்டேன்.

"இரு, அவசரப்படாத. நீ அடுத்த தடவ வரும்போது சொல்றேன்" என்றார்.